தூ

சேன் உர்சான் ஊருக்கு மேலே ஒரு பழைய சுண்ணாம்புக் காளவாய்.
எந்தக் கடலுக்கும் இங்கிருந்து பாதி நாள் ரயில்.
அதன் வயிற்றுக்குள் ஆறு கண்ணாடித் தொட்டிகள்.
வாரம் இருமுறை கடல் தயாரிக்கிறேன்:
உப்பு மூட்டை, வடிகட்டிய தண்ணீர், ஒரு துடுப்பு.

மலையில் பவளமா என்று சிரிப்பவர்களுக்கு
டார்ச் அடித்துச் சுவரைக் காட்டுவேன்.
கல்லெல்லாம் நட்சத்திரம், சட்டைப் பொத்தான் அளவில்.
பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே
வெதுவெதுப்பான அலை.
அந்தப் பவளத்தைத்தான் வெட்டி, சுட்டு,
சுண்ணாம்பாக்கி வண்டியேற்றினார்கள்.
சுட்ட இடத்தில் நான்
உயிருள்ளதை வைத்துக் காக்கிறேன்.

காக்கிறேன் என்பது முழு உண்மையில்லை.

மூன்றாம் தொட்டி: முப்பத்தொரு டிகிரி, சுத்தமான தண்ணீர்.
நான்காம் தொட்டி: அதே சூடு,
கூடவே காலைதோறும் ஊசியில் அளந்து
ஒரு வாய் நைட்ரேட்.
பாஸ்பேட் மட்டும் கண்ணில் காட்டுவதில்லை.

பவளத்தின் தசைக்குள் பாசி குடியிருக்கிறது.
வெளிச்சத்தில் சமைத்து
வாடகையைச் சர்க்கரையாகக் கொடுக்கும்.
நைட்ரேட் வந்ததும் குடித்தனம் பெருகியது.
ஒரு அறையில் பத்துப் பேர்.
சுவர் பூசப் பாஸ்பேட் இல்லை,
ஈர்க்குச்சி போல மெலிந்த சுவர்கள்.
சூடு ஏறிய வாரம் எல்லாம் ஒழுகின,
உள்ளே இருந்தது வெளியே,
வெளிச்சமே விஷமாகி.

பதினேழாம் நாள் பவளம் துப்பிவிட்டது.

கீழே ஓடும் ஆற்றின் பெயர் தூ.
தமிழில் தூய்மைக்கும் அந்த எழுத்துதான்,
துப்புவதற்கும் அதுதான்.
ஆற்றுக் கற்களில் இந்த வருடம் பச்சை வழவழப்பு.
மீன் பிடிப்பவர்கள் பாலத்தில் பதாகை கட்டியிருக்கிறார்கள்.
ஆர்லெத் கத்தானின் பெயர் அதில் இல்லை,
அவளுடைய முப்பத்தெட்டு மாடுகளின் படம் இருக்கிறது.

அந்த ஆர்லெத் நேற்று வந்தாள்,
ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு.
தொட்டி தொட்டியாகப் பார்த்தாள்.
நான்காவதன் முன் நின்று,
"அடடா, இதுதான் அழகு,
கல்யாணப் பெண் மாதிரி" என்றாள்.

அது பசி என்றேன்.
தோல் கண்ணாடியாகிவிட்டது, தெரிவது எலும்பு.
இன்னும் சாகவில்லை.

மூன்றாவதைக் காட்டினேன்:
அதே அடுப்பு, கொஞ்சம் வெளிறியிருக்கிறது,
ஆனால் தாக்குப்பிடிக்கிறது.

அவள் வெகுநேரம் பேசவில்லை.
அவள் புல்வெளிக்கடியில் கல் முழுக்க ஓட்டை.
மாலையில் சாணக் குழம்பு தெளித்து இரவு மழை பெய்தால்
காலையில் ஊற்றில் நுரை.
அது அவளுக்கும் தெரியும், நுரைக்கும் தெரியும்.
அமிர்தம் மிஞ்சி நஞ்சானது என்பார்கள்.
இங்கே அமிர்தம் எங்கே வந்தது?
தொட்டி நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.
பாலுக்குக் கிடைக்கும் விலையில்
இன்னொரு தொட்டி கட்ட முடியாது.

"நிறுத்தினால் பிழைக்குமா?"

சூட்டை இறக்கினால், சில வாரங்களுக்குள் என்றால்,
பாசி திரும்பி வரலாம்.

உடனே கை நீட்டினாள், வெப்பக் குமிழை நோக்கி.
பால் கறந்து தடித்த விரல்கள்.

"தொடாதே!"
என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது.
இன்னும் பதினோரு நாள் பாக்கி.
அட்டவணையில் பதினோரு கட்டம் காலி.

கையை இழுத்துக்கொண்டு மேலங்கியில் துடைத்தாள்.
கோபமில்லை.
"ஓ, உனக்கும் நிரப்ப வேண்டியது இருக்கிறது" என்றாள்.

பூட்ஸ் மாட்டும் சத்தம். டிராக்டர் கிளம்பும் சத்தம்.
பின்னால் தொட்டி வண்டியை இழுத்துக்கொண்டு
ஒரு கடலடிப் பாறையின் மேல் ஏறிப் போகிறாள்.
மேற்கே மேகம்.

நான் ஊசியை எடுத்து
நான்காம் தொட்டிக்கு அளந்தேன்.