கோப்பை

லாங்கோன் கிளையிலிருந்து வங்கிக்காரர் வந்த அன்று
மூடுபனி இன்னும் எழுந்திருக்கவில்லை.
சிரோன் குளிர்ந்த ஆறு. கரோன் வெதுவெதுப்பு.
இரண்டும் தொட்டுக்கொள்வதால்
அக்டோபர் முழுக்க இப்படித்தான்,
பகல் பதினொன்று வரை
எங்கள் தோட்டத்துக்கு முகம் கிடையாது.

தெல்க்ருவா அவர் பெயர். புதுக் காலணி.
அடமானத்தில் இருக்கும் ஏழு ஹெக்டேரையும்
கண்ணால் பார்த்து எழுத வேண்டுமாம்.
பார்த்தார்.
குலை குலையாகச் சாம்பல் பூத்த திராட்சை,
கிழிந்த தோல், ஒட்டிய வயிறு,
தொட்டால் பொடி பறக்கும் பூஞ்சை.
"வருந்துகிறேன், மதாம்" என்றார்
சாவு வீட்டு வாசலில் நிற்கிறவர் குரலில்.
கோப்பில் ஒரு சொல் எழுதினார்.
தலைகீழாகப் படித்தேன்:
நாசம்.

வரிசையின் மறுமுனையில் என் அண்ணன் கிஸ்லேன்
சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.
ஒன்பது வருடத்தில்
இவ்வளவு அழகாக அழுகியதில்லை.

எப்படிச் சொல்வது இவருக்கு,
இந்த நோய் வராமல் போய்விடுமோ என்றுதான்
செப்டம்பர் முழுக்க நாங்கள் தூங்கவில்லை என்று?
பக்கத்துத் தோட்டக்காரர்கள்
கூடைகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
நாங்கள் நாலாவது முறையாக
அதே வரிசையில் குனிகிறோம்,
குலையை அல்ல, மணியைப் பறிக்க,
அதிலும் பச்சையாய்ச் சிரிக்கிற மணியை விட்டுவிட்டு.
அண்ணி ஓரேலிக்கு இடுப்பு விட்டுப்போய்
முழங்காலிலேயே நகர்கிறாள்.
குளவிகளுக்கும் பங்கு உண்டு.

"ஒரு செடிக்கு எத்தனை புட்டி?"
"புட்டி இல்லை மிஸ்யூ. ஒரு கோப்பை."
பேனா நின்றது.
"இது தொழில் இல்லையே."
"இல்லை" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிழிகூடத்தில் நேற்றைய சாறு
யாருக்கும் கடன்படாதது போல
மெல்லச் சொட்டிக்கொண்டிருந்தது.
பழத்தின் தண்ணீரையெல்லாம் பூஞ்சை குடித்துவிட்டு
வெயிலை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

நாலு வருடத்துக்கு முந்தையதை ஊற்றினேன்.
உருக்கிய நெய் நிறம்.
முகர்ந்தார். உறிஞ்சினார்.
அப்புறம் பேச்சில்லை.
நாக்கு மட்டும் பல்லுக்குப் பின்னால்
எதையோ தொலைத்தது போல அலைந்தது.
தேன் என்று சொல்ல வாயெடுத்து, இல்லையென்று தலையாட்டி,
ஆரஞ்சுத் தோலா என்று தனக்குத்தானே கேட்டு,
கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு சொன்னார்:
"இனிப்பு எனக்கு ஆகாது. டாக்டர் உத்தரவு."
சொல்லிவிட்டுக்
கோப்பை மூடினார்,
கோப்பையை நீட்டினார்.

கிளம்பும்போது தேதி எழுதப் பார்த்தார்.
விரல் பட்ட இடமெல்லாம் பிசுக்கு.
நாசம் என்ற பக்கமும்
அதற்கடுத்த வெற்றுப் பக்கமும்
ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன.
இழுத்தால் கிழியும் என்று விட்டுவிட்டார்.

கார் வரைக்கும் ஒரு குளவி
அவரை வழியனுப்பப் போனது.

கடிதம் வர நாளாகும்.
வியாழன் மழை என்கிறது வானொலி.
பனி விலகிவிட்டது, கிஸ்லேன் கூப்பிடுகிறான்.
ஓடை ஓரம் இன்னும் பதினோரு வரிசை,
நன்றாக அழுகி நிற்கின்றன.