இடது தந்தம்

மொம்பாசா துறைமுகத்தில்
கருவாட்டு மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது.
நீளம் மூன்றரை அடிக்கு ஒரு விரல் குறைவு.
சுங்கக்காரர்கள் அதன்மேல் கறுப்பு மையால்
எழுபத்து மூன்று என்று எழுதியிருந்தார்கள்.
நைரோபிக்கு வந்த பிறகும்
மீன் வாடை போகவில்லை.

முதேயு கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
பிள்ளைகளுக்கு அரிவாள் அணுச் சோகை உண்டா என்று
பொட்டு இரத்தத்தில் தேடிய கைகள்.
அதற்கும் முன்னால்
மரவள்ளி இலையில் பழுப்புக்கீற்று நோயைத் தேடியவை.
இலையோ இரத்தமோ எலும்போ
எழுத்து நான்குதான்.
எழுதியது யார் என்று அவள் கேட்பதில்லை,
ஞாயிற்றுக்கிழமைகளில் தவிர.

தந்தத்தின் அடியில், ஈறு தொட்ட இடத்தில்,
ஒரு ஷில்லிங் காசளவு அறுத்தாள்.
சூடு பட்டால் எழுத்து கருகிவிடும்.
திரவ நைட்ரஜனில் உறையவைத்து
இரும்புக் குழவி குழாய்க்குள் ஓடி ஓடி இடிக்கப்
பொடியாக்கினாள்.
சோளமாவு போல வந்தது.
அன்றிரவு வீட்டில் உகாலி கிளறவில்லை.

பதினாறு இடங்கள்.
ஒவ்வொன்றிலும் தாய் தந்தது ஒன்று,
தகப்பன் தந்தது ஒன்று.
அத்தனையும் பொருந்தின,
எட்டு மாதத்துக்கு முன்பு
தேயிலைப் பெட்டிகளுக்குள் பிடிபட்ட
ஒரு வலது தந்தத்தோடு.
வேறு கப்பல், வேறு கம்பெனி, வேறு கையெழுத்து.
வாய் மட்டும் ஒன்று.
காவல்துறைக்கு அது போதும்.
தொலைபேசியின் மறுமுனையில்
யாரோ மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்
இறந்தாலும் ஆயிரம் பொன் என்று
நாம் தமிழில் சொல்லிவைத்திருக்கிறோம்.
கணக்கு மொம்பாசாவிலும் அதேதான்.
இரண்டாவது ஆயிரத்துக்குத்தான்
கையில் காசு.

கணினி நிற்கவில்லை.
கீழே மூன்றாவதாக ஒரு வரி.

ஆறு வருடங்களுக்கு முன்
எந்தக் காட்டில் எந்தக் குடும்பம் என்று வரைபடம் போட
வனக்காவலர்கள் பொறுக்கி அனுப்பிய
யானை லத்திகளில் ஒன்று.
உறை எண் இருநூற்றுப் பன்னிரண்டு, எவாசோ ஆற்றங்கரை.
கைதவறிக் கலந்துவிட்டதோ என்று
புதுக் குழாயில் மறுபடி ஓட்டினாள்.
பதினாறும் பொருந்தின.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஷிட்சாமா எழுந்தார்:
"சாணிதான் சாட்சியா, அம்மணி?"
பின்வரிசை சிரித்தது.
ஆமாம் என்றாள்.
குடல் உரசி அனுப்பிய அதன் சொந்தத் தோல் அதில் இருக்கிறது.
தலையெழுத்து என்கிறார்களே,
அது தலையில் மட்டும் இல்லை.

உறைமேல் என்ன எழுதியிருக்கிறது,
படியுங்கள் என்றார் நீதிபதி.

பென்சில் எழுத்து. காவலர் லெனாயாசாவின் கை:
"காலை ஆறு நாற்பது. நேற்று இரவு மழை.
பெண் யானை, கூடவே குட்டி.
என்னைப் பார்த்தது. அசையாமல் நின்றேன்.
அப்புறம் அது தன் பாட்டுக்குப் போனது.
எடுக்கும்போது இன்னும் சூடாக இருந்தது."

எழுத்தர் விரலை நிறுத்திக் கேட்டார்,
சூடாக இருந்ததையும் ஏற்றவா என்று.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
ஏற்றுங்கள் என்றார்.

பன்னிரண்டு வருடம் கிடைத்தது ஒருவனுக்கு.
மற்றவன் கப்பலேறியிருந்தான்.

ஆய்வகத்தில் இன்னும் நாற்பத்தொரு துண்டுகள்.
சில முழங்கை நீளம்கூட இல்லை.
எல்லா இடத்திலும் முழுதாய்ப் பொருந்தினால் அதே யானை.
எல்லா இடத்திலும் பாதி பொருந்தினால்
அதன் பிள்ளை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
முதேயு ஒன்பதாவது துண்டைப் பொடித்தாள்.
குழாயை விளக்குக்கு நேரே பிடித்து
கம்பா மொழியில், மெதுவாக,
பொருந்தாதே என்றாள்.