மலை பார்க்கும் அறை

சித்திரை விடுமுறைக்கு இன்னும் பதினொரு கிழமை.
லாங்கென்தாலில் பனி உருகிப் பார்க்கிறது,
பின் மனம் மாறி மறுபடி உறைகிறது.
சோற்றுச் சட்டியைத் தள்ளிவிட்டு
மடிக்கணினியை மேசையில் வைக்கிறாள் மதுஷா.
திரையில் கிரேத்தா:
யாரோ அப்போதுதான் கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல
ஒரு குடா.

என் வேலை அட்டவணை
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தொங்குகிறது.
எங்கள் வீட்டுப் பஞ்சாங்கம் அதுதான்.
ராகுகாலம் என்றால் இரவு ஷிஃப்ட்.
முதியோர் இல்லத்து மேற்பார்வையாளர் ரெகுலா
ஆறு நாள் தந்தாள்.
ஏழாவது நாளுக்கு நான்
ஒரு ரவைக் கேக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஆரணனுக்கு வளைந்து வளைந்து இறங்கும்
நீர்ச்சறுக்கு வேண்டும், குறைந்தது மூன்று.
மதுஷாவுக்குக் காலைச் சாப்பாடு
பதினொரு மணிவரை இருக்க வேண்டும்.
எனக்கு, யாரோ சமைத்து யாரோ கழுவும் ஏழு நாள்.
அவருக்கு என்ன வேண்டும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
அவர் ரைஸ் குக்கரை அளவுநாடாவால் அளந்துகொண்டிருந்தார்,
பெட்டிக்குள் போகுமா என்று.

"எல்லாம் உள்ளடக்கமப்பா."
"சோறுமோ?"

கடல் தண்ணீர் அப்போது பதினேழு பாகை என்று வாசித்தாள் மகள்.
"குளிர் எங்களுக்குப் புதுசோ" என்றான் மகன்,
ஜன்னலைக் காட்டி.

பிறகு அறை.
கடல் பார்க்கும் அறை, நாலு பேருக்கு, பால்கனியோடு:
மூவாயிரத்து நூற்றுத் தொண்ணூறு பிராங்க்.
மலை பார்க்கும் அறை: இருநூற்று நாற்பது குறைவு.

"மலை" என்றார், தலை நிமிராமல்.

"அப்பா, மலை இங்கேயே கிடக்கு.
எங்கட ஜன்னலுக்கு வெளியில யூரா.
கடலுக்குப் போய் மலையைப் பாக்க
ஆரும் காசு குடுப்பினமோ?"

"இருநூற்று நாற்பது மரத்திலயோ காய்க்குது"
என்றவர் கொஞ்சம் பொறுத்து,
"நாலாம் மாடி, அதுக்கு மேல எண்டால் நல்லது" என்றார்.

கஞ்சத்தனம் என்று பிள்ளைகள் நம்பினார்கள்.
நம்பட்டும்.
மகளின் பல்லுக்கம்பிக்குப் போன மாதம்
நாலாயிரத்தை எண்ணாமல் கட்டிய மனிதர் இவர்.

கலியாணம் முடித்துப் பதினாறு வருடம்.
முல்லைத்தீவில், ஒரு நத்தாருக்கு மறுநாள் காலையைப் பற்றி
எனக்கு அவர் சொன்னது இரண்டே வாக்கியம்.
ஒன்று: "நான் தண்ணித் தாங்கிக்கு மேல நிண்டனான்."
மற்றதை நான் எழுதப் போவதில்லை.

ஏரிக்கு வருவார். ஆற்றுக்கும் வருவார்.
கோடையில் பிள்ளைகள் ஆரே ஆற்றில் மிதந்துபோக
செருப்பைக் கையில் பிடித்தபடி
கரையோடு கரையாக ஓடி வருவார்.
ஆறு போகும், திரும்பி வராது
என்பது அவர் கணக்காக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்.
இந்தப் பயணத்தை முதலில் தொடக்கியதே அவர்தான்.
ஓல்டன் ரயிலுக்குள், சும்மா கேட்பதுபோல:
"எங்கட பிள்ளையள் இன்னும்
உப்புத் தண்ணி விழுங்கினதில்லை, என்ன?"
அன்றும் நத்தாருக்கு மறுநாள்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
ஓம் என்றேன்.

பிள்ளைகள் படுத்தபின் முன்பதிவு செய்தோம்.
மலை. ஏழு இரவு. நாலு பேர்.
கடைசியில் ஒரு வெற்றுப் பெட்டி கேட்டது:
சிறப்பு வேண்டுகோள் ஏதும் உண்டா?
நாலாம் மாடி அல்லது மேலே, என்று எழுதினேன்.
அவர் கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.
ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாய்த் தேடி,
தன் எழுத்துப்பிழை நிறைந்த ஜெர்மனில் சேர்த்தார்:
கடற்கரையில் நாலு சாய்வு நாற்காலி.
கடைசி வரிசையில்.

அனுப்பினோம்.

ரைஸ் குக்கர் இன்னும் மேசையில்.
மூடியோடு வைத்தால்
பெட்டி பூட்ட இரண்டு சென்ரிமீற்றர் போதவில்லை.
மூடியைக் கழற்றித் துணிகளுக்குள் சுற்றலாமா
என்று கேட்கிறார்.
பதினொரு கிழமை இருக்கிறது,
பார்ப்போம் என்கிறேன்.