நூற்றுப் பதினேழு பாகை

எழுவான்கரையில் பெருந்தெருவை உரித்தார்கள்.
பல் வைத்த உருளை ஓடிய இரவில்
பதினெட்டு வருடம் வெயில் தின்ற தெரு
பொடியும் கட்டியுமாய் டிப்பரில் ஏறிற்று.
காலையில் குவியலைக் கிளறிப் பார்த்தேன்:
சோடா மூடி ஒன்று,
செருப்பு வார்,
வெள்ளைக் கோட்டின் துண்டுகள்,
இனி எந்தப் பக்கத்தையும் பிரிக்கத் தெரியாதவை.

வலையிறவுப் பாலம் தாண்டிப்
படுவான்கரையில் எங்கள் வேலை.
நெடுங்கல் வட்டைக்கு மூன்றரைக் கிலோமீற்றர்.
கிரவல் தெரு. மாரியில் சேறு, கோடையில் புழுதி.
நூற்றுக்கு முப்பது பழசு,
மிச்சம் புதுக் கல்லும் தாரும்.
என் பதிவேட்டில் இவ்வளவுதான்.

கந்தப்போடியாரின் கணக்கு வேறு.
உழவு இயந்திரத்தை நிறுத்தி
இறங்காமலே கேட்டார்:
"என்ன புள்ள,
டவுணுக்குப் புதுச் சட்டை,
எங்களுக்கு அவன் கழட்டிப் போட்டதோ?"

நான் விளக்கத் தொடங்கினேன்.
கல் தேயவில்லை, தாருக்குத்தான் கிழடு தட்டியது,
புதுத் தார் பட்டால் பழையதும் இளகும்,
இன்னொரு மலையை வெடிக்க வேண்டியதில்லை...
"மலைக்கு நோகாது, சரி.
எங்கட முதுகெலும்புக்கு?"
கிளட்சை விட்டார்.
மிச்ச விளக்கத்தைப் புழுதிதான் கேட்டது.

வழக்கமாய்க் கலவை
நூற்றறுபது பாகையில் வந்து விழும்.
அந்தச் சூட்டைப் பற்றி
இன்பமலரைக் கேட்க வேண்டும்.
பதினொரு வருடம் றேக் பிடித்தவள்.
சப்பாத்தின் அடி உருகிய நாட்களில்
வாளித் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டே
தூங்கிப் போனவள்.
புகைக்குள் நிற்கும்போது அவளைப்
பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம்,
பதில் சொல்ல வாய் திறந்தால் இருமுவாள்.
கைதான் காட்டுவோம்.

இந்தக் கலவை அப்படியில்லை.
கொதிக்கும் தாருக்குள்
ஒரு மிடறு தண்ணீரைப் பீய்ச்ச
நுரைத்துப் பொங்கிக்
குறைந்த சூட்டிலேயே கல்லைப் பற்றிக்கொள்ளும்.
நூற்று முப்பது போதும்.
முதல் டிப்பர் கவிழ்ந்தபோது
இன்பமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்,
வராத புகைக்காக.
பிறகு மெல்லத் திரும்பி,
"அவிஞ்சிட்டா இது?" என்றாள்.

மூன்றாம் நாள்
கடைசி டிப்பரைத் தாம்போதியில் எருமைகள் மறித்தன.
பட்டிக்காரனைக் காணவில்லை.
"ஹோன் அடிச்சா நின்டு பாக்குதுகள், மிஸ்"
என்று போனில் ஜவாத்.
ஒரு மணியும் ஐந்து நிமிடமும்.

தார்ப்பாயை விலக்கி
வெப்பமானியைக் குவியலுக்குள் குத்தினேன்.
நூற்றுப் பதினேழு.
பழைய கலவையென்றால் திருப்பி அனுப்பியிருப்பேன்.
இதற்கு எல்லை நூற்றுப் பதினைந்து.
இரண்டு பாகை.
இரண்டு பாகையை நம்பலாமா என்று
ரோலர் சில்வெஸ்டரைப் பார்த்தேன்.
அவர் மேற்கே வெயிலைப் பார்த்தார்.
இன்பமலர் யாரையும் பார்க்கவில்லை,
றேக்கை இறக்கிவிட்டாள்.

இரண்டு கிழமை கழித்து
மாதிரி துளைத்தெடுக்கப் போனேன்.
தெருவைக் காணவில்லை.
இருநூறு மீற்றருக்கு நெல்.
கந்தப்போடியார் காலால் வரி இழுத்துக்கொண்டு நின்றார்.
"கெதியாக் காயுது" என்றார்,
நேற்றும் என்னோடு பேசியவர் போல.
சரியாய் அந்த டிப்பர் கொட்டிய இடத்தில்
நெல்லை வட்டமாய் ஒதுக்கித் தந்தார்.
"தண்ணி தெறிக்காமத் துளைங்க."

கைமணிக்கட்டுத் தடிப்பில்
கறுப்பாய் ஒரு துண்டு வெளியே வந்தது.
அதன் விலாவில் நகக்கண் அளவு வெள்ளை.
"அது என்ன?"
"பெருந்தெருக் கோடு."
வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.
"கனமாத்தான் கிடக்கு.
மாரியில பாப்பம்."

துளையை நிரப்ப முன்
ஓரத்தில் இருந்து சில மணிகள்
உள்ளே உருண்டன.
விரல் விட்டு எடுத்தேன். எல்லாம் வரவில்லை.
குளிர்க் கலவையைப் போட்டு இடித்து மூடினேன்.

அறிக்கையில் அடர்த்தி:
தொண்ணூற்று மூன்று தசம் நான்கு.
நெல்லுக்கு அதில் நிரல் இல்லை.