மூன்றாவது பிரதி

அதே ஆள், அதே சாக்ஸபோன், அதே ஊதல்,
எதுக்கு மூணாவது தடவை என்கிறாள் ஜெசிந்தா.
கத்தரிக்கோல் தர மறுக்கிறாள்.
பல்லால் கிழிக்கிறேன் பார்சலை.
சுங்க வரி எழுநூற்று நாற்பது.
அதை அவளிடம் சொல்லவில்லை.

முதல் சிடி ரிச்சி தெருவில் வாங்கியது, பெட்டியில் விரிசல்.
இரண்டாவது, தங்க எழுத்தில்
என்னென்னவோ சத்தியம் செய்தது.
இது ஜப்பானிலிருந்து.
மூல நாடாவைத் தேடிப்பிடித்து
இரைச்சலை உருவியெடுத்து,
உள்ளங்கை அகல அட்டை உறையில்.

வேளச்சேரியில் இரவு பதினொன்று.
மேல்வீட்டு மோட்டார் நிற்கும்வரை காத்திருந்து போடுகிறேன்.
அடடா,
பாஸ் கம்பியில் விரல் வழுக்குவது கேட்கிறது.
யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்.
ஊதுமுன் அந்த மனிதர் எச்சில் விழுங்குகிறார்:
அறுபது வருஷத்துக்கு முந்தைய எச்சில்.

ஆனால்
நாலாவது பாட்டின் முடிவில்
மழை இல்லை.

இருபது வருஷமாக அங்கே பெய்துகொண்டிருந்தது.
பியானோ ஓய்ந்ததும்
ஜன்னலுக்கு வெளியே நியூயார்க்கில் ஒரு தூறல்.
கல்யாணமான புதிதில்
ஆளுக்கொரு காதாக ஹெட்போனைப் பிய்த்துக்கொண்டு
ஜெசிந்தாவும் கேட்டாள்.
"ஆமா, மழைதான்" என்றாள்.

நாடாவின் இரைச்சலாம்.
துடைத்துவிட்டார்கள்.

விரிசல் பெட்டியைத் தேடுகிறேன்.
அலமாரியில் இல்லை. கட்டிலடியில்
போன வெள்ளத்தின் சேறு மட்டும், கோடாக.

"என்ன உருட்டுற இந்நேரத்துல?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் சுற்றியது.

"அது என் சான்ட்ரோவுல இருக்கு" என்றாள்
சுவர்ப்பக்கம் திரும்பியபடி,
"ரெண்டு வருஷமா. எடுக்காதே."