பன்னிரண்டு தசம் இரண்டு

இறக்கக்கண்டிப் பாலத்தின் நடுவில்
முதலில் ஹெட்லைற் மஞ்சளித்தது,
பிறகு ஹோர்ன் ஆட்டுக்குட்டிபோல் இருமியது,
பிறகு ஒன்றுமில்லை.
கீழே களப்பு. இறால்காரரின் இரண்டு லாம்பு.
தம்பி கட்டாருக்குப் போகையில் விட்டுப்போன நூற்றைம்பதை
நிலாவெளிச் சந்திவரை தள்ளினேன்,
பிள்ளை நிறுக்கும் தராசு தோளில் இடிக்க இடிக்க.

"பற்றறி போச்சு மிஸ்" என்றான் கராஜ் டிலக்சன்.
தையிலும் அதைத்தான் சொன்னான்.
சித்திரையிலும்.
இரண்டு பற்றறி வாங்கிவிட்டேன்,
இரண்டாவதன் காசு இன்னும் சீட்டில் கழிகிறது.
அவனைக் குறைசொல்ல ஏலாது.
பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது,
கழற்றலாம், விற்கலாம்,
ஒரு கிழமை நன்றாக எரியும்.

அப்படித்தான் நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்
போன செவ்வாய், ஸப்ரினாவின் மாமி
"இவளுக்குப் பால் காணாது" என்றபோது.
பதினேழு நாள் பிள்ளை,
பிறந்த நிறையை இன்னும் எட்டவில்லை.
அலுமாரிக்கு மேல் மாப்பால் டின்
எனக்கு முந்தியே வந்திருந்தது.

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு மீற்றர் வாங்கினேன்.
ஆயிரத்தெண்ணூறு. ஒரு சிவப்புக் கம்பி, ஒரு கறுப்பு.

ஞாயிறு, கிளினிக் முற்றம், ஒருவரும் இல்லை.
சீற்றைக் கழற்றி, பற்றறியின் இரு முனையிலும் வைத்தேன்:
பன்னிரண்டு தசம் மூன்று.
எஞ்சின் ஓடினால் பதினாலுக்கு ஏறவேண்டும்.
முறுக்கினேன்.
பன்னிரண்டு தசம் இரண்டு.
லைற்றைப் போட்டேன். பதினொன்று தசம் எட்டு.
போவது போகிறது,
வருவது வரவில்லை.

கொயிலில் இருந்து மூன்று மஞ்சள் வயர்.
சொக்கெற்றைப் பிரித்து, மீற்றரை ஏசிக்குத் திருப்பி
ஒன்றோடு இரண்டு, நாற்பத்தெட்டு.
இரண்டோடு மூன்று, நாற்பத்தெட்டு.
மூன்றோடு ஒன்று, நாற்பத்தேழு,
என் கை நடுங்கியிருக்கலாம்.
எஞ்சினை நிறுத்திப் பார்த்தால்
ஒன்றும் உடம்போடு ஒட்டவில்லை.
சுரக்கிறது.
இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது,
அன்று வரவில்லை.

மறுபடி பூட்டி, ஓடவிட்டு,
ரெகுலேற்றர் வாசலில் சிவப்பு வயரைத் தொட்டேன்:
பதினாலு தசம் நாலு.
அதே வயர், பற்றறிக்கு வந்துசேரும் இடத்தில்
பன்னிரண்டு தசம் இரண்டு.
ஒன்றரை முழத்துக்குள்
இரண்டு வோல்ற் எங்கே போயிற்று?

விரலால் தேடிக்கொண்டு போனேன்,
நாடி பார்க்கிற மாதிரி இல்லை,
பேன் பார்க்கிற மாதிரி.
ராங்கிக்குக் கீழே ஒரு வெள்ளைக் கப்ளர் சுட்டது.
பிரித்தால் உள்ளெல்லாம் பச்சைக் களிம்பு,
ஒரு பின் பாதி கருகி.
ஏழு வருசம் கடற்கரை வீதி.
வாடையும் கொண்டலும் ஊதிவிட்ட உப்பு.

வெட்டி, சுரண்டி, புதுப் பின் நசுக்கி,
கிளினிக் வசலீன் ஒரு பொட்டுத் தடவி மூடினேன்.
அரசாங்கச் சொத்துத்தான். ஒரு பொட்டு.
பதினாலு தசம் ஒன்று.

திங்கள் ஸப்ரினா வீட்டில்
மார்பைப் பார்க்கவில்லை, பிள்ளையின் வாயைப் பார்த்தேன்.
நுனியை மட்டும் கவ்வி,
கன்னம் குழிந்து, டொக் டொக்கென்று
காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.
நெருக்கிப் பிடித்து, நாடியைத் தாழ்த்தி,
இன்னொரு தரம். இன்னொரு தரம்.
ஸப்ரினா அழுதாள். மாமி டின்னைப் பார்த்தா.
பதினோராம் தரமோ பன்னிரண்டோ
விழுங்குகிற சத்தம் கேட்டது.

வியாழன், அறுபது கிராம் கூட.
போதுமென்று சொல்லமாட்டேன்.
சனியும் போய் நிறுக்கவேண்டும்.

டிலக்சனிடம் கருகின பின்னைக் காட்டினேன்.
அதை விட்டுவிட்டு
மீற்றரை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.
"இது என்ன விலை மிஸ்?"

இடப்பக்கச் சிக்னல் இன்னும் எரியவில்லை.
அது வேறு வயர்.