வரிசை எண் ஒன்பது

நீதிமன்றத் தாளில் அது ஒன்பதாவது.
எட்டு, கிரைண்டர். பத்து, குத்துவிளக்கு ஒரு ஜோடி.
நடுவில்
மோட்டார் சைக்கிள், கறுப்பு, நல்ல நிலையில்.

முத்தியால்பேட்டைச் சந்துக்குள் பின்பக்கமாகவே வந்தது
சகாயநாதன் அண்ணனின் பிக்கப்.
பலகையைச் சாய்த்து, அதில் இரண்டு முறை குதித்துப் பார்த்து
ஈரச் சாக்கை விரித்தார்.
"ஸ்டார்ட் பண்ணி ஏத்துனவன் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கான்" என்றார்,
யாரும் கேட்காமலே.
எதிர்வீட்டுப் பையன்கள் தள்ளினார்கள்.
முன்சக்கரம் கேபின் சுவரை முட்டி நின்றது,
இடையில் ஒரு பழைய டயர்.
முதல் கியர். ஸ்டாண்டை மடக்கிவிட்டார்.
"ஸ்டாண்டு போட்டா நிக்கிற மாதிரி தெரியும்.
முதல் பள்ளத்துல படுத்துரும்."

பெல்ட் உரசும் இடத்துக்குத் துணி கேட்டார்.
வரிசை எண் நான்கிலிருந்து
அரக்குக் கரை வைத்த ஒன்றை உருவிக் கொடுத்தேன்.
தொட்டுப் பார்த்துத் திருப்பித் தந்தார்.
"பட்டு வழுக்கும்மா. பருத்தி இருந்தா குடு."

வாசலில் நின்றவன் அப்போதுதான் வாய் திறந்தான்:
"முன் ஷாக்கை முழுசா அமுக்காதீங்க, ஆயில் சீல் போயிடும்."
சரியான பேச்சுதான்.
அண்ணன் தலையாட்டினார். நானும்.

"யாராச்சும் மேல உக்காருங்க, வெயிட்டு வேணும்."
பையன்கள் போய்விட்டிருந்தார்கள்.
அவன் செல்போனைப் பார்த்தான்.
நான் ஏறினேன்.
"ஒருக்களிச்சு இல்லம்மா. ரெண்டு பக்கமும் கால்."

நான்கு வருடம் பின்சீட்டில் ஒருக்களித்துப் போனவளுக்கு
புதுச்சேரியின் இடப்பக்கம் மட்டுமே தெரியும்.
திரும்பி வரும்போது மறுபக்கம் தெரியுமே என்பீர்கள்.
பாதித் தெருக்கள் ஒருவழிப்பாதை.
மீதியில் இருட்டிவிடும்.

இப்போது கைப்பிடிகள் இரண்டும் என்னிடம்.
ஒரு கண்ணாடியில் மாடியில் கூடிய ஜனம்,
மறு கண்ணாடியில் என் காது, ஒற்றைத் தோடு.
என் எடைக்கு வண்டி இரண்டு விரற்கடை இறங்கிக்கொடுத்தது.
பெல்ட்டின் பற்கள் டக் டக்கென்று கடித்தன,
முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.
"மூணு முடிச்சு எதுக்கும் பத்தாது" என்றவர்
சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.
நான் சிரித்தேன்.
எனக்கே ஆச்சரியமாக, நிறைய நேரம்.

அரியாங்குப்பம் பாலம் தாண்டி ஓரங்கட்டினார்.
"எல்லாக் கயிறும் கட்டும்போது யோக்கியந்தான்.
அஞ்சு கிலோமீட்டர்ல குணத்தைக் காட்டும்."
இடப்பக்கப் பெல்ட் ஒரு விரல் தளர்ந்திருந்தது.
அவர் சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.
கடலூர் பஸ் ஒன்று கடந்தது.
ஜன்னலெல்லாம் தலைகள்:
நிற்கிற வண்டிமேல் நிற்கிற வண்டி, அதன்மேல்
துப்பட்டாவை இடுப்பில் முடிந்த ஒருத்தி.

முள்ளோடையில் காவலர் டேங்கை லத்தியால் தட்டினார்.
"உள்ள என்ன, சரக்கா?"
தாளை நீட்டினேன்.
ஒன்பதில் விரல் வைத்தவர் நிறுத்தவில்லை,
பத்து, பதினொன்று, வெள்ளி டம்ளர் ஆறு வரை படித்தார்.
மடிப்பு கலையாமல் மடித்துத் தந்தார்.
"நல்லா கட்டியிருக்கு. போங்க."

பெண்ணையாற்றுப் பாலத்தில் அப்பாவின் போன்.
மஞ்சக்குப்பத்தில் ஆள் காத்திருக்கிறானாம்,
ரொக்கமாம், விலை பேசியாகிவிட்டதாம்.
"ஆத்துக் காத்துல ஒண்ணும் கேக்கலப்பா" என்றேன்.
பாதி உண்மை.
காற்று இருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன்:
"இறக்கும்போது என்ன கியர், அண்ணே?"
"அதே முதல் கியர்தான். எஞ்சின் ஓடக்கூடாது.
கிளட்சை விட்டு விட்டுப் பிடிச்சா அதுவே பிரேக்கு."
"எந்தக் கை?"
"இடது."

மடியில் கிடந்த இடக்கை விரல்களை
மடக்கினேன்,
நீட்டினேன்,
மடக்கினேன்.